‘ம்’ போய் விழும் இடம்

அன்புள்ள அண்ணாச்சி,

எம்.டி. மனநல மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பஸ் ஏறி வர முடியாதவர்களுக்கு வீடியோ காலில் சைக்கோதெரபி (பேச்சுவழிச் சிகிச்சை) செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்தவர் ஓர் அக்கா. (......) நேரில் பார்த்தபோது மனம்விட்டுப் பேசியவர், வீடியோவுக்கு மாறிய மூன்றே வாரத்தில் ‘சரி டாக்டர்’, ‘பரவால்ல டாக்டர்’ என்று சுருங்கிவிட்டார். நான் அடிக்கடி ‘ம்’ கொட்டி ஊக்கப்படுத்தத்தான் செய்கிறேன். அமர்வு முடிந்ததும் என்னை மேற்பார்வை செய்யும் கைடிடம் போனில் விவரம் சொல்லிவிடுகிறேன். எந்த ஆப் நல்லது? தனியாக கேமரா வாங்கணுமா? நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த முறையே ஒத்துவராதோ?

அன்புள்ள தம்பி,

அடைப்புக்குறிக்குள் நான் வெட்டியது ஏழு வரி. ஊர், தொழில், பிள்ளைகள் எத்தனை, கணவர் எந்த நாட்டில் வேலை பார்க்கிறார் என்று எல்லாம் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்திருக்கிறீர்கள். நம்ம பக்கம் இதில் பாதி போதும், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் ரகசியம் காக்கும் 23ஆம் பிரிவு. இன்று ராத்திரி எடுத்துப் படியுங்கள். இனி இப்படி யாருக்கும் எழுதாதீர்கள், எனக்கும்தான்.

ஆப் விஷயம்: அந்த அக்கா ஏற்கெனவே எதில் பேசிப் பழகியிருக்கிறாரோ அதுவே போதும். 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் வீடியோ, ஆடியோ, எழுத்து மூன்றையும் ஏற்கிறது. கேமரா வாங்க வேண்டாம். நாலு புத்தகத்தை அடுக்கிப் போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். ஒத்துவருமா வராதா என்ற கேள்விக்கும் இப்போது அவசரமில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் 1959லேயே இருவழித் தொலைக்காட்சி வைத்துக் குழுச் சிகிச்சை நடத்திப் பார்த்துவிட்டார்கள்.

‘அடிக்கடி ம் கொட்டுகிறேன்’ என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

கதை சொல்லும் ஆச்சி, பிள்ளை ‘ம்’ கொட்டாவிட்டால் ‘தூங்கிட்டியால?’ என்று நிறுத்திவிடுவாள். ‘ம்’தான் கதையை நகர்த்தும். அதனால் அதைக் கொட்டுவது தப்பில்லை. ஆனால் போனில் அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்தீர்களா? ஒரு பக்கக் குரல் மறுபக்கம் போய்ச் சேர ஆகும் ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும், 400ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. சிக்னல் ஒற்றைக்கோட்டில் தொங்கும் இடத்தில் அது சர்வசாதாரணமாகத் தாண்டும். அவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் நீங்கள் விட்ட ‘ம்’, அவருடைய அடுத்த வாக்கியத்தின் நடுவில் போய் விழும். டாக்டர் ஏதோ சொல்ல வருகிறார் என்று அவர் நிறுத்துவார். சொல்லி முடித்துவிட்டார் என்று நீங்கள் அடுத்த கேள்விக்குப் போவீர்கள். இது போதாதென்று எதிரொலி நீக்கும் மென்பொருள் வேறு. ஸ்பீக்கரில் பேசும்போது இரண்டு குரலும் ஒன்றாக வந்தால் அது ஒன்றை அமுக்கிவிடும். உங்கள் ‘ம்’ போய்ச் சேரும், அவருடைய வாக்கியத்தின் வால் அறுந்துபோகும். நம்ம பேச்சில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது! ‘போகணும்னு தோணுது’ என்றாரா, ‘தோணல’ என்றாரா? வால் இல்லாமல் எப்படித் தெரியும்? இப்படி நாலு தடவை வெட்டுப்பட்டவர் ‘சரி டாக்டர்’ என்று சுருங்காமல் என்ன செய்வார்?

முதலில் இரண்டு பக்கமும் இயர்போன். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போகாவிட்டால் அந்த மென்பொருளுக்கு வேலை குறையும். நெஞ்சு வரை தெரியும்படி உட்கார்ந்து, ‘ம்’முக்குப் பதில் தலையை நன்றாக ஆட்டுங்கள். அவர் முடித்தபின் மனசுக்குள் இரண்டு எண்ணி, அவருடைய கடைசிச் சொல்லையே திருப்பிக் கொடுங்கள்: “மூச்சு முட்டுதுன்னீங்க...” தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: “நான் சும்மா இருந்தாலும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். லைன் கட்டாயிட்டுன்னா நானே கூப்பிடுவேன்.” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் பிஸி. அழுகையும் பெருமூச்சும் இரைச்சல் வடிகட்டியில் தொலைந்துபோகும். அது பெரும்பாலும் அவர் போனிலேயே நடப்பதால் நீங்கள் திருத்த முடியாது, வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டும். அவர் பேசாமல் இருக்கிறாரா, படம் உறைந்துவிட்டதா என்று சந்தேகமா? பின்னால் தொங்கும் காலண்டர் தாள் ஃபேன் காற்றில் ஆடுகிறதா பாருங்கள்.

இன்னொன்று, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நாலு குடும்பம் ஒன்றாக இருக்கும் வளவு வீட்டில் தனி அறைக்கு எங்கே போவார்? முதல் மூன்று நிமிடத்தில், ‘ஆமா’, ‘இல்ல’ என்று பதில் வரும்படி கேளுங்கள்: தனியாக இருக்கீங்களா, இந்த நேரம் வசதியா? எங்கே இருக்கிறார், லைன் போனால் யார் நம்பருக்குக் கூப்பிடலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது வந்தால் ‘மாத்திரை தீர்ந்துபோச்சு’ என்று சொல்லட்டும். உடனே நீங்கள் மாத்திரைப் பேச்சுக்கு மாறிவிட வேண்டும். தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, போய்ப் பேசுகிறார் என்றால் ஆடிக் காற்று பாதியைத் தின்றுவிடும், மைக்கை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாம் கேள்வி, சாகத் தோன்றுகிறதா என்பது, முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டாக வேண்டியது. கடைசிக்கு வைத்து, பதில் வரும் நேரத்தில் லைன் போனால் என்ன செய்வீர்கள்? அரசு மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 அவர் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

இப்போது உங்கள் கைடு. அவரைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம், திட்டத்தான் செய்கிறேன். அமர்வு முடிந்து போனில் விவரம் கேட்பது மேற்பார்வையா? உங்கள் காதில் விழுந்ததைத்தான் நீங்கள் சொல்ல முடியும். அறுந்துபோன வாலை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? அந்த அக்கா சம்மதித்தால், கைடு முதலில் முகம் காட்டி வணக்கம் சொல்லிவிட்டு, கேமராவை அணைத்துக்கொண்டு கூட இருக்கலாம். சொல்லாமல் ஒளிந்து கேட்பது கூடவே கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு பயிற்சி. உங்களோடு படிக்கும் ஒருவரைப் பாபநாசம் பஸ்ஸில் ஏற்றி, கல்லிடைக்குறிச்சி தாண்டி சிக்னல் இழுக்கிற இடமாகப் பார்த்து இறங்கச் சொல்லுங்கள். அவர் நோயாளியாக நடிக்கட்டும், மொபைல் டேட்டாவில், ஸ்பீக்கரில். பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்யட்டும். பதிவு அந்தப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். உங்கள் பக்கத்துப் பதிவில் உங்கள் ‘ம்’ எல்லாம் அழகாக, சரியான இடத்தில்தான் இருக்கும். நடுவில் ஒரு தடவை அவர் சொல்லாமல் டேட்டாவை அணைக்கட்டும், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கலாம். திரும்பி வந்ததும் இரண்டு பேரும் பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதி, ஒவ்வொரு ‘ம்’மும் விழுந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். கைடையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

அடுத்த வாரம் அந்த அக்காவிடம் நோயைப் பற்றி எடுத்தவுடன் கேட்க வேண்டாம். “போன மூணு வாரமும் நான் குறுக்க குறுக்க வந்துட்டேன், லைன் அப்படி” என்று சொல்லிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு சும்மா இருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், ஊர் பெயர் இல்லாமல்.