பஞ்ச் நீடில்: வளையம் உருவி வந்தால்

உள்ளே துளையுள்ள ஊசியில் நூலைக் கோத்து, துணியில் குத்திக் குத்தி வளையம் வளையமாக நிரப்புகிற வேலைதான் பஞ்ச் நீடில். அதில் ஊசியைத் தூக்கியதுமே வளையமும் கூடவே உருவிக்கொண்டு வருகிறது, பிளவுஸ் துணியில்தான் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கோளாறு அந்தத் துணிதான். பஞ்ச் நீடிலில் முடிச்சே கிடையாது, நெசவு இழைகள் நெருக்கிப் பிடித்தால்தான் வளையம் நிற்கும்; கம்பளி நூல் போகிற தடித்த ஊசி பிளவுஸ் துணியில் ஓட்டை போட்டுவிடும், அப்புறம் எது பிடிக்கும்? பாரிமுனைப் பக்கம் மேட்டி துணி (இழைகள் கட்டம் கட்டமாகத் தெரிகிற, எம்பிராய்டரிக்கான பருத்தித் துணி) விசாரியுங்கள். சட்டத்தில் மேளத்தோல் மாதிரி விறைப்பாக இழுத்துப் பூட்டி, கைப்பிடி துணியில் முட்டும்வரை குத்துங்கள், வெளியே எடுக்கும்போது முனை துணியை உரசிக்கொண்டே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும், மேலே தூக்கவே கூடாது. ஊசியின் திறந்த பக்கம் நீங்கள் போகிற திசையைப் பார்க்கட்டும். நூலைத் தளர்வாகப் பிரித்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள், எங்காவது சிக்கி இறுகினால் கடைசியாகப் போட்ட வளையம் காலி.

முடித்ததைச் சுவரில் மாட்டுவதைப் பொறுத்தவரை, ராயபுரத்தில் கடல் பக்கத்துச் சுவர் என்கிறீர்கள், உப்புப் பூத்து உதிருமே! மரச்சட்டத்தில் இழுத்து ஸ்டேப்ளர் அடித்து, பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவரில் படாமல் மாட்டுங்கள். முன்னால் கண்ணாடி வேண்டாம், வளையங்கள் நசுங்கிவிடும்.