பரணில் கிடக்கும் பிளாப்பிகளும் சிடிகளும்: வேலூர் வட்டார வாசகர்களுக்குப் பதில்கள்

பழைய பிளாப்பி, சிடி, வீடியோ நாடா, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் சிக்கிக்கொண்ட தகவல்களை மீட்பது பற்றி வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து கேள்விகள் வந்திருந்தன. நான் 1990களின் இறுதியில் வேலூரில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்பவனாக வேலையைத் தொடங்கியவன். அந்தக் காலத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த பிளாப்பிகளையே இன்று படித்துத் தரும்படி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில் ஒவ்வொன்றுக்கும் விடை தருகிறேன்.

குடியாத்தத்திலிருந்து: ஐயா, வணக்கம். நான் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். 1994 முதல் 2001 வரையிலான உறுப்பினர் கணக்குகளை ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள நிரலில் ஏற்றி 40 பிளாப்பிகளில் வைத்திருக்கிறேன். அவற்றில் 6 பெரியவை, மற்றவை சிறியவை. கணினிக் கடையில் ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று திரையில் கேட்டது. பயந்துபோய் எடுத்து வந்துவிட்டேன். கணக்குகள் போய்விட்டனவா?

பதில்: ஐயா, நீங்கள் எடுத்து வந்ததுதான் சரியான காரியம். அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்தி முழு ஃபார்மட் செய்திருந்தால், பிளாப்பியைப் பொறுத்தவரை தடம் தடமாக (தகவல் எழுதப்படும் வட்டப் பாதைதான் தடம்) எல்லாமே மேலெழுதப்பட்டிருக்கும். ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று பொருளாகாது. பிளாப்பியின் வெளிவிளிம்பில் உள்ள முதல் தடத்தில்தான் கோப்புகளின் பெயர்ப்பட்டியலும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஒரு தடம் மங்கியிருந்தால், மற்ற 79 தடங்களும் நன்றாக இருந்தாலும்கூட, கணினி அதை வெற்றுப் பிளாப்பி என்றே எடுத்துக்கொள்ளும்.

எந்த டிரைவிலும் போடுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் பாருங்கள். சிறிய பிளாப்பியின் உலோக மூடியை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்புறம் நடுவில் உள்ள உலோக வட்டை மெதுவாகச் சுழற்றினால், பழுப்பு கலந்த கறுப்புப் படலம் முழுவதும் கண்முன் சுற்றி வரும். அது கண்ணாடி போல் பளபளத்தால் நல்லது. சோற்றுப் பருக்கையில் பூத்ததுபோல வெண்புள்ளிகளோ, சிலந்தி நூல் போன்ற கோடுகளோ தெரிந்தால் அது பூஞ்சை. வட்டமான கீறல் தெரிந்தால் முன்பே ஏதோ ஒரு டிரைவ் அதைச் சுரண்டியிருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வாலாஜாவிலிருந்து வந்த ஓர் அட்டைப்பெட்டியில் இருந்த பிளாப்பிகளை, பார்க்காமலே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். மூன்றாவதில் இருந்த பூஞ்சை டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு, நான்காவதையும் ஐந்தாவதையும் வழித்துவிட்டது. அவை இரண்டும் அதுவரை நன்றாக இருந்தவை. ஒரு பிளாப்பியை வெளியே எடுத்த பிறகு டிரைவின் தலையைத் துடைக்காமல் அடுத்ததை நான் இப்போதெல்லாம் உள்ளே விடுவதில்லை.

அடுத்தது எழுதுவதைத் தடுப்பது. சிறிய பிளாப்பியில் மூலையில் உள்ள நகரும் துண்டைத் தள்ளி, துளை திறந்திருக்கும்படி வைத்தால் அதில் எதையும் எழுத முடியாது. பெரிய பிளாப்பியில் இது நேர்மாறு: ஓரத்தில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தை ஒரு துண்டுக் காகிதத்தால் ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு. இதை மாற்றி நினைத்துக்கொண்டு தவறு செய்பவர்கள் அதிகம்.

பிறகு, கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்காமல் பிளாப்பி முழுவதையும் ஒரே படிமக் கோப்பாக, அதாவது முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே நகலாக, எடுக்க வேண்டும். சிறிய பிளாப்பியில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 செக்டார்கள் எனும் சிறு துண்டுகள், செக்டாருக்கு 512 பைட்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 14,74,560 பைட்கள். உங்கள் படிமக் கோப்பு அந்த அளவில் இருந்தால் முழுப் பிளாப்பியும் வந்திருக்கிறது. லினக்ஸில் இயங்கும் ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல், எளிதாகப் படிக்கக் கிடைக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் செக்டார்களுக்குப் பின்னர் திரும்பி வரும். எதை எடுத்தது, எதை விட்டது என்பதையும் ஒரு வரைபடமாக எழுதி வைக்கும். சிறிய பிளாப்பிக்கு யூ.எஸ்.பி. டிரைவ் போதும். பெரிய பிளாப்பிகளை அந்த டிரைவ் படிக்காது. அவற்றுக்குப் பழைய கணினிக்குள் இருந்த டிரைவே வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய உதிரிகள் விற்கும் கடைகளில் தேடிப் பாருங்கள். அதைக் கிரீஸ்வீசல் என்ற சிறு சர்க்யூட் பலகை வழியாக இன்றைய கணினியுடன் இணைக்கலாம். அந்தப் பலகை காந்தப் பதிவின் ஏற்ற இறக்கங்களை அப்படியே பதிந்துகொள்வதால், சாதாரண டிரைவ் ‘பிழை’ என்று கைவிட்ட தடத்தையும் சில சமயம் மீட்க முடிகிறது.

கணக்குகளைத் திறப்பது இவற்றைவிட எளிது. ஃபாக்ஸ்புரோவின் டி.பி.எஃப். கோப்புகளை லிப்ரே ஆபீஸ் கால்க் நேரடியாகத் திறக்கும். எஃப்.பி.டி. என்று முடியும் துணைக் கோப்பு இருந்தால் அதையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். நீண்ட குறிப்புகள் அதில்தான் இருக்கும். உங்களுக்குப் பயன்படக்கூடிய இன்னொரு செய்தியும் உண்டு. ஃபாக்ஸ்புரோவில் ஒரு வரியை அழித்தால் அது உடனே மறைந்துவிடுவதில்லை. வரியின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக்குறி இடப்படுகிறது, அவ்வளவுதான். ‘பேக்’ என்ற கட்டளையைக் கொடுக்கும் வரை அந்த வரி கோப்பிலேயே இருக்கும். விலகிய உறுப்பினர்களின் கணக்கும் அப்படிக் கிடைக்கலாம்.

ஆம்பூரிலிருந்து: 2002இல் எடுத்த எங்கள் திருமண வி.சி.டி. பாதியில் நின்றுவிடுகிறது. கணினியில் நகலெடுத்தாலும் பிழை வருகிறது. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: அம்மா, பற்பசையை விட்டுவிடுங்கள். முதலில் சிடியை விளக்குக்கு நேராகப் பிடித்து, அச்சிட்ட பக்கம் வழியாக ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சிடியின் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் பெரும்பகுதி பிளாஸ்டிக்; தகவலைத் தாங்கும் உலோகப் படலம் அச்சிட்ட பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் உரிந்திருந்தால் உரிந்த இடத்தை எதனாலும் மீட்க முடியாது. ஸ்டூடியோ ஒட்டிய மணமக்கள் படத்தைப் பிய்த்து எடுக்கவும் வேண்டாம், படலமும் கூடவே வந்துவிடும். அடிப்பக்கத்தில் உள்ள அழுக்கை, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் மூக்குக் கண்ணாடித் துணியால் துடைத்தால் போதும். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தோடு ஓடுவதால் அதிகம் கெடுக்கும்.

நகலெடுக்கும்போது பிழை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் வி.சி.டி.யின் அமைப்புதான். சாதாரண சிடியில் ஒரு செக்டாரில் 2,048 பைட்கள் இருக்கும். மீதி இடம் பிழை திருத்தத்துக்கு ஒதுக்கப்பட்டது. வி.சி.டி.யின் படப்பகுதியில் அந்த இடத்தையும் படத்துக்கே எடுத்துக்கொண்டு 2,324 பைட்கள் எழுதினார்கள். அதனால் சிறு கீறலுக்கே விண்டோஸ் நகலெடுப்பதை நிறுத்திவிடுகிறது. வி.சி.டி. இமேஜர் போன்ற, வி.சி.டி.க்கென்றே எழுதப்பட்ட நிரல் பிழையுள்ள இடத்தைத் தாண்டிச் செல்லும். தாலி கட்டும் காட்சியில் இரண்டு நொடி கட்டம் கட்டமாகத் தெரியலாம், ஆனால் மீதி கிடைத்துவிடும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. உறவினர் வீடுகளில் உள்ள பழைய டிவிடி டிரைவ்களையும் முயன்று பாருங்கள். அதே படத்தின் இன்னொரு பிரதி சம்பந்தி வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஏனென்றால் ஸ்டூடியோக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு வீட்டாருக்கும் தனித்தனியாகவே எழுதிக் கொடுத்தார்கள்.

காட்பாடியிலிருந்து: என் பழைய ஹார்ட் டிஸ்க் ‘டக், டக்’ என்று சத்தமிடுகிறது. ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் ஒருமுறை ஓடும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே தட்டுகள் மீது படியும். அந்தச் சத்தம், படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் வருகிறது. மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அது தட்டைச் சுரண்டக்கூடும். இணைப்பைக் கழற்றி, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பகத்துக்கு அனுப்புங்கள். திறப்பதற்கு முன் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டாலும் டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்காட்டிலிருந்து: காலமான என் தந்தை தமிழாசிரியர். 1997 முதல் அவர் எழுதிய கட்டுரைகளை டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து வைத்தார். சிடியிலிருந்து கோப்புகள் வந்துவிட்டன. ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, அம்மா. உங்கள் தந்தையின் ஒவ்வோர் எழுத்தும் அங்கேயே இருக்கிறது; அதை எழுத்தாகக் காட்டும் எழுத்துரு மட்டும்தான் உங்கள் கணினியில் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் தட்டச்சு செய்தபோது கணினிக்குள் பதிவானவை ஆங்கில எழுத்தின் எண்களே. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் பதிவாகும். நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில் இந்த ஐந்தும் அதே வரிசையில் பல இடங்களில் வருகின்றன. ஆகவே அது பாமினி என்று உறுதியாகச் சொல்வேன். ஐரோப்பிய மொழிகளில் வருவதுபோலத் தலைக்கு மேல் கோடும் புள்ளியும் வைத்த எழுத்துகள் நிறைந்திருந்தால், திஸ்கி, டேப் போன்ற வேறு குறியாக்கங்களைச் சோதிக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டேப் என்ற இரண்டைத் தரப்படுத்தியது. 2010இல், இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பயன்படுத்தும் யூனிகோடு அரசின் தரமாயிற்று. உங்கள் தந்தையின் கட்டுரைகள் இதற்கெல்லாம் முன்பே தொடங்கியவை.

என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் பாமினியைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடாக மாறிவிடும். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவானவை: ‘கொ’ என்பதில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். யூனிகோடில் ககரம்தான் முதலில் வரும். இந்த இடமாற்றத்தில், ‘கௌரி’யில் வரும் ‘கௌ’வின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவமாக இருப்பதால், மாற்றி ‘கெளரி’ என்று ளகரம் போட்டு எழுதிவிடலாம். துணைக்காலும் புள்ளி வைத்த ‘ர்’ என்ற எழுத்தின் வடிவமும் அப்படியே குழம்பக்கூடும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும், தேடும்போது அந்தச் சொல் அகப்படாது. ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் அச்சுப் பிரதியை உரக்கப் படித்துச் சரிபார்ப்பதைத்தான் நான் எப்போதும் சொல்வேன். எவ்வளவு காலம் ஆனாலும் அந்த உழைப்பு தகும். பேஜ்மேக்கர் கோப்புகள் இருந்தால் லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு குலைந்தாலும் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். மாற்றிய பிறகும் மூலக் கோப்பையும் பாமினி எழுத்துருக் கோப்பையும் அழிக்காமல் சேர்த்தே வையுங்கள்.

திருவலத்திலிருந்து: 2021 நவம்பர் வெள்ளத்தில் பொன்னையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கேமராவில் பதிவு செய்த நான்கு மினி டிவி (MiniDV) நாடாக்கள் நனைந்து காய்ந்துவிட்டன. கேமரா இன்னும் ஓடுகிறது. போட்டுப் பார்க்கலாமா?

பதில்: இந்த நிலையில் வேண்டாம். காய்ந்த வண்டல் நாடாவின் சுற்றுகளுக்கிடையே மணலாக இருக்கும், 6.35 மில்லிமீட்டர் அகல நாடாவையும் கேமராவின் சுழல்தலையையும் அது சேர்த்தே அறுத்துவிடும். கூட்டைத் திறந்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்தி, மண் படாத வேறு கூட்டுக்குள் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். வெயிலில் காயவைப்பதும் முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவதும் நாடாவைச் சுருட்டிவிடும். பயிற்சி இல்லாமல் முதல் முயற்சியை முக்கியமான நாடாவில் செய்யாதீர்கள். பழைய வெற்று நாடா ஒன்றில் செய்து பழகுங்கள். ஓடத் தொடங்கியதும் மஞ்சள் நிற வீடியோ ஒயர் வழியாகப் படம் எடுக்காமல், ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாகவே எடுங்கள். நாடாவில் இருப்பது எண்ணாகப் பதிவான தகவல். ஃபயர்வயரில் அது குறையாமல் அப்படியே வரும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் வேண்டும்.

சத்துவாச்சாரியிலிருந்து: மீட்டதையெல்லாம் ஒரு நல்ல பென்டிரைவில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. பென்டிரைவ் தகவலை மின்னூட்டமாகத் தேக்கி வைக்கிறது; அது மெல்லக் கசியும், சூட்டில் விரைவாகக் கசியும். 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர் வெயிலில், மொட்டை மாடிக்கு அடியில் உள்ள அறையின் பீரோவுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இரண்டு பிரதிகள், மேகச் சேமிப்பில் மூன்றாவது என்று வையுங்கள். ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். பாலாற்றங்கரையில் இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.256 என்ற கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டுத் தனியே எழுதி வைத்தால், ஒரு பைட் மாறினாலும் பிறகு தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் சரிபார்க்க ஆயுத பூஜையை நான் வைத்திருக்கிறேன். கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நாளில் டிஸ்க்குகளையும் ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

மீண்டும் குடியாத்தத்திலிருந்து: ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். சிறிய பிளாப்பிகள் 34இல் 9இல் வெண்புள்ளிகள் இருக்கின்றன. மற்றவை பளபளப்பாக உள்ளன. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: அந்த 9 பிளாப்பிகளை இன்றே தனித்தனிக் காகித உறையில் இட்டு, மற்றவற்றோடு சேராமல் வேறு பெட்டியில் வையுங்கள். பளபளப்பான 25 பிளாப்பிகளை முதலில் படிமமாக எடுங்கள். மாதாந்திர நகல்களாக இருந்தால், பூஞ்சை பிடித்த பிளாப்பியில் உள்ள கணக்கே அடுத்த மாதத்துப் பிளாப்பியிலும் இருக்க வாய்ப்பு உண்டு, அப்போது அதைத் தொடவே வேண்டியிராது. மீதி நிற்பவற்றை முகக்கவசம் அணிந்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால், மூடியை ஒதுக்கி வட்டைக் கையால் சுழற்றியபடி இரண்டு பக்கமும் துடைத்து, முற்றிலும் உலர்ந்த பிறகு போடுங்கள். அப்படிப்பட்ட பிளாப்பி ஒரே ஒருமுறைதான் படிக்கக் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு, படிமம் எடுக்கும் நிரலை முன்கூட்டியே தயாராக வைத்துவிட்டு உள்ளே தள்ளுங்கள். பிளாப்பியின் மேல் உங்கள் கையெழுத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படம் எடுத்து, சீட்டில் உள்ள எண்ணையே படிமக் கோப்பின் பெயராக வையுங்கள். எந்த ஆண்டின் எந்தக் கணக்கு என்பது பல பிளாப்பிகளில் அந்தச் சீட்டில் மட்டும்தான் இருக்கும்.