ஏமாற்றலாம் வாங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விசேஷ வீட்டில் மச்சான்களை மடக்க, அதிகச் சாமான் தேவைப்படாத பந்தயம் ஒன்று சொல்லுங்களேன். (வாசகர், தேனி)

பதில்: எவர்சில்வர் டம்ளர் போதும். "உயரம் அதிகமா, வாய்ச் சுற்றளவு அதிகமா?" என்று கேளுங்கள். உயரம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். உடனே அளந்து காட்டிவிடாதீர்கள். சீட்டுக்கட்டுப் பெட்டியை நிறுத்தி, அதன் மேல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "தரையிலிருந்து இவ்வளவு உயரம். இப்பவும் சுற்றளவுதான் ஜாஸ்திங்கறேன்" என்று உசுப்பேற்றுங்கள். டம்ளர் 10 செ.மீ., பெட்டி 9 செ.மீ., மொத்தம் 19. வாய் 7 செ.மீ. அகலம் என்றால் சுற்றளவு 22. தையல் நூலைச் சுற்றிக் காட்டினால் தீர்ந்தது. ஒடுக்கமான ஜூஸ் கிளாஸை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். தனியாக ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுச் சபைக்கு வாருங்கள்.

கேள்வி: 21 தீக்குச்சி, ஒரு தடவைக்கு 1 முதல் 3 வரை எடுக்கலாம், கடைசிக் குச்சி யாருக்கோ அவர் அவுட். மாமா ஒருமுறைகூடத் தோற்பதில்லையே? (வாசகி, கும்பகோணம்)

பதில்: "நீயே முதல்ல எடும்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்கிறாரே, சூட்சுமமே அதுதான். நீங்கள் 1 எடுத்தால் அவர் 3, நீங்கள் 2 என்றால் அவரும் 2, 3 என்றால் 1. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு குறைந்து 17, 13, 9, 5, கடைசியில் 1 உங்கள் தலையில். அடுத்த முறை அவரையே முதலில் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், "கடைசிக் குச்சி எடுத்தவருக்கே ஜெயம்" என்று விதியை மாற்றிவிட்டு, நீங்களே தொடங்கி ஒன்றே ஒன்று எடுங்கள். மீதி 20. அதன் பிறகு அவர் வித்தை உங்கள் கையில்.

கேள்வி: சந்தையில் மூணு சீட்டுக்காரர் ராணியைக் காட்டிவிட்டுத்தான் போடுகிறார். கண் இமைக்காமல் பார்த்தும் தப்புகிறதே? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ஒரு கையில் இரண்டு சீட்டு இருக்கும். மேல் சீட்டைக் கட்டைவிரலும் நடுவிரலும், கீழே உள்ள ராணியைக் கட்டைவிரலும் மோதிரவிரலும் பிடித்திருக்கும். கீழ்ச்சீட்டுதான் முதலில் விழும் என்று கண் நம்பும். வீச்சில் நடுவிரல் நழுவி, மேல் சீட்டு விழுந்துவிடும். பழக ஆசையா? சீட்டுகளை நீளவாக்கில் கூரை போல லேசாக வளையுங்கள். தட்டையாகக் கிடந்தால் விரலில் சிக்காது. விரிப்பின் மேல் போடுங்கள், மேசையில் வழுக்கி ஓடும். புதிதாகப் பழகுபவர்கள் திருட்டு வீச்சை மட்டும் அவசரமாக வீசிக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். நேர்மையாகப் போடும்போதும் அதே வேகம் வேண்டும். வீட்டில் அப்பளம் வைத்து ஆடுங்கள். தெருவில் காசு வைக்காதீர்கள்: கூட்டத்தில் ஜெயிப்பவர் அவர் ஆள். சீட்டுக்காரர் அசந்த நேரத்தில் ராணியின் முனையை மடக்கி உங்களைப் பார்த்துக் கண்ணடிப்பவரும் அவர் ஆள்தான். அந்த மடிப்பு அடுத்த வீச்சிலேயே வேறு சீட்டுக்கு மாறிவிடும்.

கேள்வி: கூட்டத்தில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் என்று துணிந்து பந்தயம் கட்டலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: 23 பேர் இருந்தால் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு, 40 பேர் என்றால் 89 சதவீதம். பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதி போட்டுக்கொண்ட பெரியவர்கள் நிறைய இருந்தால், சான்றிதழ் தேதியைக் கேளுங்கள், இன்னும் சுலபம். 10 பேர்தான் என்றால் 12 சதவீதம், வாயைத் திறக்காதீர்கள்.