லாரி ஏத்தலாமா வேணாமா, அத முதல்ல சொல்லுங்க

கேள்வி: சார், பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன், சீசன்ல தோட்டக்காரங்களுக்கு வாட்ஸ்அப் மெசேஜ் போடறது என் வேலை. "இன்வர்ட் ஷெட்யூல் ரிவைஸ் செய்யப்பட்டுள்ளது, குவாலிட்டி பாராமீட்டர் பூர்த்தியாகாத லாட்கள் ரிஜெக்‌ஷனுக்கு உட்பட்டவை"ன்னு தான் மேனேஜர் போடச் சொல்றாரு, சாதாரணமா எழுதினா கம்பெனிக்கு மரியாதை இல்லங்கறாரு. மெசேஜ் போன உடனே ஒரே போன். என்ன பண்றது?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: போன்ல என்ன கேக்கறாங்க தம்பி? "நாளைக்கு லோடு ஏத்தலாமா", "திருப்பி அனுப்பினா வண்டி வாடகை யாரு குடுக்கறது", இதானே? ரெண்டுமே உங்க மெசேஜ்ல இல்லயே. பெங்களூரா ரக மாங்காய பறிச்சு ஏத்திட்டா அது காத்துட்டு இருக்காது, கேட்டுக்கு வெளிய வெயில்ல லாரி நின்னா அடில இருக்கறது நசுங்கி அழுக ஆரம்பிச்சுடும், அந்த நஷ்டம் தோட்டக்காரர் தலைல தான் விழும். இப்படி போட்டு பாருங்க:

"புதன்கிழமை காய் எடுக்க மாட்டோம். வியாழன் காலைல 6 மணிக்கு எடுப்போம். டோக்கன் வாங்கிட்டு அப்புறம் பறிங்க. பிரிக்ஸ் 14க்கு கீழ இருந்தா எடுக்க மாட்டோம், வண்டி வாடகை உங்களது. சந்தேகம்னா முன்னாடியே நாலு பழம் கொண்டுவாங்க, பாத்து சொல்றோம்."

நாள், நேரம், அளவு, வாடகை எல்லாம் உங்க கம்பெனி கணக்குக்கு மாத்திக்குங்க. பிரிக்ஸ்ங்கற வார்த்தைய மட்டும் நான் மாத்தல, ஏன்னா 100 கிராம் சாறுல எத்தன கிராம் சர்க்கரைங்கற கணக்கு அது, மீட்டர்ல ஒரு சொட்டு விட்டு பாக்கறத சீசனுக்கு சீசன் பாக்கறவங்க தான் தோட்டக்காரங்க, அவங்களுக்கு அது பழகின பேச்சு. "இன்வர்ட் ஷெட்யூல்" ஆபீஸுக்குள்ள மட்டும் ஓடற பேச்சு, அது உள்ளயே இருக்கட்டும். மேனேஜர் மரியாதைய பத்தி பேசினா, சர்டிஃபிகேட் வாங்கறதுக்கு எல்லாரும் தேடி ஓடற தரமெல்லாம் எழுதற அதே ஐஎஸ்ஓ, 2023ல எளிய மொழிக்குன்னே 24495-1னு ஒரு தரம் கொண்டு வந்திருக்குன்னு சொல்லுங்க. படிக்கறவருக்கு வேணுங்கறது அதுல இருக்கணும், கைக்கு சட்டுனு கிடைக்கணும், புரியணும், அத வச்சு அவர் வேலைய பாக்க முடியணும், அவ்வளவு தான் அது சொல்றது.

கேள்வி: மாவு மில் வைக்க லோன் கேட்டேன். பேப்பர் பூரா ஏபிஆர், ஃபோர்குளோஷர், கன்டிஞ்சென்ட் சார்ஜஸ்னு இருக்கு, உடனே கையெழுத்து போடுங்கறாங்க.
- வாசகி, தருமபுரி

பதில்: போடாதீங்கம்மா. கேஎஃப்எஸ், அதாவது முக்கிய விவரத் தாள குடுங்கன்னு கேளுங்க. 2024 அக்டோபர் 1லேர்ந்து தனிநபர் கடன், சிறுதொழில் டேர்ம் லோன் புதுசா குடுக்கறப்ப அத கண்டிப்பா குடுக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லிருக்கு, அதுவும் உங்களுக்கு புரியற மொழில, விளக்கமும் சொல்லணும். வட்டியோட மத்த செலவெல்லாம் சேத்து வருஷத்துக்கு எத்தன சதவீதம் ஆகும்ங்கறது தான் ஏபிஆர், ரெண்டு எடத்துல லோன் கேட்டிருந்தா அந்த நம்பர வச்சு ஒப்பிட்டு பாருங்க. ஃபோர்குளோஷர்னா கடன முன்னாடியே அடைச்சு முடிக்கறது, கன்டிஞ்சென்ட் சார்ஜஸ்னா தவணை தவறற மாதிரி ஏதாவது நடந்தா மட்டும் வர்ற கட்டணம். அந்த தாள்ல இல்லாத கட்டணத்த நீங்க சரின்னு சொல்லாம பிடிக்க முடியாது. உங்க லோன் மாதிரி 7 நாளோ அதுக்கு மேலயோ போற கடனுக்கு, யோசிக்கறதுக்கு குறைஞ்சது 3 வேலை நாள் டைம் உண்டு. தமிழ்ல வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டு போய் நிதானமா படிங்க.