மலையகத்துப் பாறையும் பனிப்படலமும்: கேள்வி பதில்

ஹப்புத்தளையிலிருந்து: சேர், எங்கள் தேயிலை மலையில் வீடு அளவு உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. பனியாறு உருட்டி வந்ததா?

இல்லை தம்பி, அது அங்கேயே பிறந்த கல். வெடிப்புகளில் இறங்கும் மழைநீர் பாறையின் மூலைகளை முதலில் உக்க வைக்கும். நடுப்பகுதி உருண்டையாகத் தங்கும். ஒரு சில்லை உடைத்துப் பாருங்கள், அடியிலுள்ள பாறையும் அதே இனம்தான். பனி கொண்டு வந்த கல் ஊருக்கே அந்நியமாக இருக்கும். கனடாவில் ஒக்கோடொக்ஸ் ஊருக்கு அருகே புல்வெளி நடுவில் சுமார் 16,500 தொன் பாறை ஒன்று கிடக்கிறது. ரொக்கி மலையில் சரிந்து பனியின் முதுகில் விழுந்து, சவாரி செய்து வந்த கல் அது.

பதுளை, உயர்தர மாணவி: பனி உருகிய பிறகு, அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று எப்படித் தெரியும்?

பனியின் அடியில் சிக்கிய கற்கள் சாண்ட் பேப்பர் போலத் தரைப்பாறையைத் தேய்த்து, இணையான கீறல்களைப் போடும். ஆனால் வடக்கு தெற்காகக் கீறல் இருந்தால், பனி வடக்கிலிருந்து வந்ததா தெற்கிலிருந்தா? கீறல் மட்டும் அதைச் சொல்லாது மகள். பலர் சறுக்குவது இங்கேதான். பக்கத்தில் பாறைமேடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனி ஏறி வந்த பக்கம் வழவழப்பான சாய்வாக இருக்கும். இறங்கிய பக்கத்தில் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும், அதனால் கரடுமுரடு. அப்புறம், அந்நியக் கல்லின் தாய்ப்பாறையைத் தேடிப் பிடித்தால் புறப்பட்ட ஊரும் தெரிந்துவிடும். ஒன்றையொன்று வெட்டும் கீறல்கள் இருந்தால் பனி இடையில் திசை மாறியிருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து: 20,000 வருடங்களுக்கு முன் பிதுருதலாகலையில் பனியாறு இருந்ததா?

இல்லை. நம் வெப்ப வலயத்தில் 2,524 மீற்றர் உயரம் போதாது. ஹோர்ட்டன் சமவெளிச் சேற்றிலுள்ள பழைய மகரந்தம் அன்று இங்கே வறட்சி என்றுதான் காட்டுகிறது. ஆனால் உலகுக்கு அது பனியுகம். வேறு இடங்களில் தண்ணீர் பனியாக முடங்கியதால் கடல்மட்டம் சுமார் 120 மீற்றர் இறங்கியிருந்தது. இந்தியாவுக்கு நடந்தே போகலாம்.

ஹட்டனிலிருந்து: அப்படியானால் இந்தப் பக்கம் பனிப்படலமே வந்ததில்லையா?

வந்தது, ஏறக்குறைய 30 கோடி வருடங்களுக்கு முன். ஒடிசாவின் தால்சேரில் களியும் பாறாங்கல்லும் கலந்த படிவை 1856 இலேயே பனியின் வேலை என்று கண்டுகொண்டார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது பிரேசில் கதை. அதே காலத்துக் கீறல்கள், அங்கே பனி அத்திலாந்திக் பக்கமிருந்து ஏறி வந்ததாகச் சொல்கின்றன. கடலுக்குள்ளிருந்து பனிப்படலம் எப்படி வரும்? வரைபடத்தில் ஆபிரிக்காவைப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள், புதிர் அவிழும். இந்தக் கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த பெருநிலம்தான் கொண்டுவானா. அன்று நாமும் அதில்தான் இருந்தோம்.

தலவாக்கலையிலிருந்து: லயத்துக்குப் பின்னால் உள்ள பாறையில் கீறல்கள். படம் அனுப்பியிருக்கிறேன்.

மண்சரிவும் பாறையைக் கீறும், அதனால் இரண்டு தடவை பார்த்தேன். தண்ணீர் விழும் பீலிக்கரை, இடுப்பு உயரம், எல்லாம் ஒரே இடத்தில். யாரோ கவ்வாத்துக் கத்தி தீட்டியிருக்கிறார்கள்.