விட்டுவிடச் சொன்ன எட்டாவது படம்

வணக்கம் அக்கா,

ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் கனடாவில் இருந்து வந்த மாமா தன் பழைய கனன் கமராவை 18–55 லென்ஸோடு தந்துவிட்டுப் போனார். அன்றுதொட்டுப் படமெடுக்கிறேன். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் சூரியன் விழுவது, தாமரை, கொக்கு, ஒரு அம்மம்மாவின் சுருங்கிய முகம் என்று பேஸ்புக்கில் போட்ட படங்களுக்கு நல்ல வரவேற்பு. ஆனால் ஒருநாள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தபோது, இவற்றை யாரும் எடுத்திருக்கலாமே என்று பட்டது. அதற்குப் பிறகு கமராவைத் தூக்கவே மனம் வருகுதில்லை.

கற்பனைத்திறன் பிறவியிலேயே வருவதா? வேறு லென்ஸ் வாங்கினால் மாறுமா? ஆண்பிள்ளைகள் விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் காட்டுக்கரைக்குப் போய் எடுக்கிறார்கள். என்னால் முடியாது. யானைப் பயம் ஒன்று, வீட்டில் விடமாட்டார்கள் என்பது இன்னொன்று. எங்கட இடத்தில் குளத்தையும் வயலையும் விட்டால் எடுக்க என்னதான் இருக்கிறது? போட்டிகளுக்கு அனுப்பலாமா?

எட்டுப் படங்கள் இணைத்திருக்கிறேன். கடைசிப் படம் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. அப்பாவுக்கு வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது எடுத்தது. அதை விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

அந்த எட்டாவது படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

அப்பா வாய்க்கால் ஓரம் குந்தியிருந்து கை கழுவுகிறார். முகம் பாதிதான் தெரிகிறது. சாப்பாட்டுப் பெட்டி வரம்பில் இருக்கிறது, மூடி இன்னும் திறக்கவில்லை. மண்வெட்டிப் பிடி படத்தின் ஓரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கிறது. அடிவானம் சரிந்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை, ஆனால் தண்ணீர் முன்பு நின்ற தடம் ஒரு சாண் மேலே கரையில் ஈரம் காயாமல் கிடக்கிறது. சிறுபோகக் கடைசியில் குளத்துத் தண்ணீர் திறக்கும் துருசைக் குறைத்துவிட்டார்கள் என்று அதைப் பார்த்த கமக்காரர் எவரும் சொல்லிவிடுவார்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் பட்டது, அவர் உங்களைப் பார்த்து நிமிராமல் இருப்பது. கொழும்பிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர் வந்து அதே வரம்பில் நின்றிருந்தால் அப்பா எழும்பியிருப்பார், சாரத்தைச் சரிசெய்திருப்பார், சிரித்திருப்பார். மகள் சாப்பாட்டோடு வருகிறாள் என்பதால் அவர் தன் பாட்டில் கை கழுவுகிறார். எவ்வளவு விலை கொடுத்து எந்தக் கமரா வாங்கினாலும் இந்த நிமிராமை கிடைக்காது. சரிந்த அடிவானத்தை அடுத்தமுறை நேராக்கிக்கொள்ளலாம், அது சின்ன விசயம்.

மற்ற ஏழு படங்களிலும் தொழில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அவற்றில் எதை எடுப்பது என்ற முடிவு உங்களுக்கு முன்பே யாரோ எடுத்துவிட்ட முடிவு. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிக்கு வந்த கமராக்கள் பல, இடிந்த சுவரையும் அழுத முகத்தையும் தேடின. ஏ9 வீதி சீராகி யாழ்தேவி ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு வந்தவை அந்திவானத்தையும் பச்சை வயலையும் தேடின. நீங்கள் எடுத்த அம்மம்மா முதல் வகைக்குள் போய்விட்டார், குளக்கட்டுச் சூரியன் இரண்டாவதுக்குள். ‘இவற்றை யாரும் எடுத்திருக்கலாமே’ என்று உங்களுக்குப் பட்டது சரியான கணிப்பு. அதைக் கண்டு கமராவை மூடிவைக்கத் தேவையில்லை. பார்வை வளரத் தொடங்கியதால்தான் அப்படிப் படுகிறது.

பிறவியிலேயே வருவதா என்று கேட்டீர்கள். யூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு முதல் கமரா கிடைத்தது 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த பரிசாக. கோழிக்கூட்டை ஸ்ரூடியோ ஆக்கினார், நிலக்கரி அறையை இருட்டறை ஆக்கினார். வீட்டு வேலைப் பெண்களையும் உறவுக்காரரையும் அயலவரையும் உட்காரவைத்து முகங்களை எடுத்தார். படம் தெளிவில்லை, குவியம் பிழை என்று அக்காலப் படப்பிடிப்பாளர்கள் குறை சொன்னார்கள். அந்த மென்மையை அவர் விடவில்லை. இன்று அந்த மென்மைக்காகவே அவரைத் தேடிப் பார்க்கிறார்கள். 1875இல் இலங்கைக்கு வந்து, இங்கேயும் படமெடுத்து, 1879இல் மலைநாட்டில் இறந்தார். அவருக்கு என்ன பிறவிக்கொடை இருந்ததோ, கமரா கைக்கு வருமட்டும் ஒருவருக்கும் அது தெரியாது. எந்த முகங்களை எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

லென்ஸ் இப்போது வேண்டாம். இருக்கும் லென்ஸை 35 மில்லிமீற்றரில் வைத்து வளையத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள். உங்கள் கமராவின் சென்சர் சிறியது, அதில் இது பழைய பிலிம் கமராவின் 50 மில்லிமீற்றரை அண்டிய பார்வையைத் தரும். பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்த்தியே பிறெசோன் வாழ்நாளில் பெரும்பாலான படங்களை அந்த 50 மில்லிமீற்றரில்தான் எடுத்தார். ஒரு போகம் முடியுமட்டும் ரேப்பைக் கழற்றாதீர்கள். கிட்டப் போக வேண்டுமென்றால் கால்தான் நடக்கவேண்டும், அப்போது எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதும் பிடிபடும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் மட்டும் எடு, மத்தியானத்தில் கமராவை மூடிவை என்று இணைய வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். சூரியன் சரிந்தே போகும் குளிர்நாடுகளில் அந்த மெல்லிய வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். நாங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகையில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். மாலையில் அது கிட்டத்தட்ட நேர்கீழாக இறங்குவதால் பொன் வெளிச்சம் அரை மணித்தியாலம் நின்றாலே பெரிது. அந்த அரை மணித்தியாலத்தை மட்டும் நம்பினால் எல்லாருக்கும் குளக்கட்டுப் படம்தான் கிடைக்கும். நாளின் மிச்சம் முழுவதும் எங்களுக்குக் கடும் வெளிச்சம். அதில் எடுக்கப் பழகுங்கள்.

மத்தியானத்தில் கூரைக்குக் கீழே வாருங்கள். முற்றத்து மண்ணில் விழும் வெயில் வாசலால் உள்ளே தெறித்து, தாழ்வாரத்தில் இருப்பவர் முகத்தில் கீழிருந்து மெதுவாகப் படும். அம்மாவைக் குசினி வாசலில் அரிசி புடைக்க இருத்திப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். கமரா கணிக்கும் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து, ரோ (RAW) வடிவில் எடுங்கள். இருட்டிய பகுதியைப் பிறகு கணினியில் தூக்கலாம், எரிந்து வெள்ளையாகிப் போன முற்றத்தை மீட்கவே முடியாது. மாசியில் காலபோக நெல்லைத் தார்வீதியில் காயப்போடுவார்களே, அங்கேயும் நில்லுங்கள். காலால் நெல்லைத் துழாவும் பெண்களின் நாடிக்குக் கீழே விழும் கறுப்பு நிழலை, நெல்லிலிருந்து எழும்பும் மஞ்சள் வெளிச்சம் நிரப்பிவிடும்.

விடியப்புறம் காட்டுக்கரைக்குப் போகமுடியவில்லை என்று வருந்தாதீர்கள். யானை நடமாடும் இடத்தில் தனியே கமராவோடு இருட்டில் நிற்கச் சொல்லி நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். செக் நாட்டுப் படப்பிடிப்பாளர் யோசெப் சூடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராக் நகரம் ஜேர்மனியர் பிடியில் இருந்தபோது, 1940இல், தன் வேலைக்கூடத்து யன்னலைப் படமெடுக்கத் தொடங்கினார். 1954 வரை அதே யன்னல்: பனி படிந்த கண்ணாடி, வெளியே ஒரு முறுகிய மரம், தட்டில் ஒரு கோப்பை. போகமுடியாத இடங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் படங்கள் வந்திராது. ஆண்பிள்ளைகள் போகமுடியாத இடங்கள் உங்களுக்கு எத்தனை திறந்திருக்கின்றன என்பதையும் யோசியுங்கள். பெண்கள் கூடியிருக்கும் குசினி, பிள்ளை பிறந்த வீட்டு உள்ளறை, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் புறப்படும் முன் நடக்கும் ஆயத்தம்.

என்ன எடுப்பது என்றால், ஒரு போகத்தை எடுங்கள். இந்த ஐப்பசி விதைப்பில் தொடங்கி நெல் விற்ற காசு கைக்கு வருமட்டும். தண்ணீர் முறை, களை, யானைக்காவல் கொட்டிலுக்குப் போகும் தேத்தண்ணிப் போத்தல், வெட்டு மெசினுக்காக வயல் ஓரம் காத்திருக்கும் ஆட்கள். பசளைக் காசும் நெல்லுக் காசும் எழுதப்படும் உங்கள் மேசையும் இதற்குள் வரவேண்டும். அந்த மேசைக்கு முன்னால் நிற்பவரின் கைகளை உங்களைப்போல் தினமும் பார்ப்பவர் வேறு யார்? ஒவ்வொரு படத்துக்கும் திகதியும் இடமும் ஒரு வரி விபரமும் கொப்பியில் எழுதுங்கள். எழுத எழுத, அடுத்த நாள் எதைப் பார்க்கவேண்டும் என்ற கேள்வி தானாக வரும். கற்பனைத்திறன் என்று நீங்கள் கேட்பது, என் அனுபவத்தில், அந்தக் கேள்விதான்.

அம்மம்மாவின் படத்தை அவரிடம் கேட்டா எடுத்தீர்கள், அதைப் பார்க்கக் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. எங்கள் சனத்தை முகாமிலும் வரிசையிலும் கேளாமல் படமெடுத்தவர்கள் அநேகம், திருப்பிக் கொடுத்தவர்கள் குறைவு. கடைசி இடப்பெயர்வில் அல்பம் முழுவதையும் விட்டுவிட்டு ஓடிவந்த வீடுகள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் இருக்கத் தொடங்கியபோது அந்த அம்மாக்கள் மடியில் வைத்திருந்ததும் படங்கள்தான். பாஸ்போட் அளவுப் படத்தைப் பெருப்பித்து, கண்ணும் மூக்கும் கலங்கிப் போனவை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு சாதாரண முகப்படம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெறுமதி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே கேட்டு எடுங்கள். எடுத்தால் ஒரு பிரதி அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாம் என்றவரை விட்டுவிடுங்கள். கொடுத்த வீட்டில் இரண்டாம் முறை போகும்போது கதிரை போடுவார்கள், மூன்றாம் முறை உங்களைக் கவனிக்காமல் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அப்பாவின் படத்தில் இருந்த நிமிராமை அப்போது மற்ற வீடுகளிலும் கிடைக்கும்.

போட்டிக்கு அனுப்புவதில் தப்பில்லை, பரிசுக் காசு அச்சடிக்க உதவும். ஆனால் நடுவர் எதை விரும்புவார் என்று நினைத்து இந்த வரிசையிலிருந்து படம் தெரிவுசெய்யவேண்டாம். மாசி வெட்டு முடிந்ததும் இருபது படங்களைக் காகிதத்தில் அச்சடித்து, கொப்பியில் எழுதிய வரிகளோடு எனக்குத் தபாலில் அனுப்புங்கள். எட்டாவது படத்தை அதில் முதலாவதாக வையுங்கள்.