ஈர மைதானமும் இறுகிய மண்ணும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுள் விளையாட்டு மைதானப் புல் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் அதில் செய்தி இருக்கிறது என்பதால் சுருக்கவில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் பள்ளி மைதானம் முன்பு நஞ்சை நிலமாக இருந்த இடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் நீர் நிற்கிறது. தை பிறக்கும்போது இரண்டு கோல் கம்பங்களின் முன்பகுதியும் நடுவட்டமும் பொட்டலாகிவிடுகின்றன. குளத்தில் தூர்வாரிய வண்டலை இலவசமாகத் தருவதாக ஊரில் சொல்கிறார்கள். அதைப் பரப்பிப் புதிதாகப் புல் வளர்க்கலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், மன்னார்குடி வட்டம்

பதில்: வேண்டாம். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். நெல்லுக்கு வண்டல் நல்லது. உங்கள் மைதானத்தின் நோயே வண்டல்தான்.

நஞ்சையில் தொழி உழவு செய்வதன் நோக்கம், கட்டிய நீர் கீழே இறங்கிவிடாமல் தடுப்பது. சேற்றைக் கலக்கிக் கலக்கி உழும்போது மண் கட்டிகள் கரைந்து, காற்றும் நீரும் போய்வரும் இடைவெளிகள் அடைபடுகின்றன. கலப்பை எட்டும் ஆழத்துக்குக் கீழே, ஏறத்தாழ 15 முதல் 25 செ.மீ.க்குள், கெட்டியான ஓர் அடுக்கு உண்டாகிறது. பயிர் வைப்பதை நிறுத்திக் கோல் கம்பம் நட்டுவிட்டதால் அந்த அடுக்கு மறைந்துவிடுவதில்லை. அதன் மேல், மண் நனைந்து குழைந்திருக்கும் நேரத்தில் இருபத்திரண்டு பேர் ஓடினால், நெல்லுக்காக மாடும் டிராக்டரும் செய்த வேலையைக் கால்கள் தொடர்கின்றன என்றே கொள்ள வேண்டும். அருகம்புல் சில நாள் நீரில் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். வெள்ளம் வடிந்த வரப்புகளில் அது மறுபடியும் தழைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மூழ்கியதால் மட்டும் உங்கள் புல் சாகவில்லை; மூழ்கி எழுந்த மறுநாளே மிதிபட்டு, வேரைச் சுற்றியிருந்த காற்றும் போனதால் செத்தது.

ஆகவே முதல் வேலை ஒரு காசும் கேட்காத வேலை: ஈரத்தில் ஆட்டத்தை நிறுத்துங்கள். எப்போது நிறுத்துவது என்பதை ஆசிரியருக்கும் மாணவருக்கும் தகராறு வராதபடி ஒரு சோதனையால் தீர்மானிக்கலாம். மேற்பரப்பிலிருந்து ஐந்து செ.மீ. ஆழத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள். பென்சில் பருமனுக்குத் திரியாக நீண்டால் அன்று ஆட்டம் கிடையாது. திரியாகாமல் உதிர்ந்தால் ஆடலாம். மாவட்டப் போட்டி நெருங்கும் நேரத்தில் இந்த விதியைக் காப்பது கடினம் என்பது தெரியும். ஆனால் கார்த்திகையில் ஆடிய ஒரே ஓர் ஈர ஆட்டத்தின் சேதத்தை அடுத்த ஆடி வரை சுமக்க நேரிடும் என்பதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது வேலை நீருக்கு வழி விடுவது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயைக் கொண்டு மைதானத்தின் நடுவையும் ஓரங்களையும் அளந்து பாருங்கள். 60 மீட்டர் அகலமுள்ள மைதானத்தில் நடுக்கோடு ஓரத்தைவிட 30 செ.மீ. உயர்ந்திருந்தால் நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு கிடைக்கும். பந்து உருள்வதில் வேறுபாடு தெரியாது, மழைநீர் மட்டும் ஓரத்துக்கு நகரும். நஞ்சை நிலம் மட்டப்படுத்தப்பட்ட நிலம் என்பதால் உங்களுடையதில் இந்தச் சாய்வு அறவே இராது. முழு மைதானத்தையும் ஒரே கோடையில் உயர்த்தப் பணம் இல்லையென்றால், சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணை வெளியே கொட்டாமல் நடுப்பகுதியின் பள்ளங்களில் இடுங்கள். அப்போதும் இருக்கும் புல்லைப் பத்தையாகப் பெயர்த்து வைத்துவிட்டு, அடிமண்ணைக் கொத்திவிட்டு, புதுமண்ணை இட்டு, பத்தையை மேலே திரும்பப் பதிக்க வேண்டும். புல்லின் மேலேயே மண்ணைக் கொட்டினால் இரண்டு மண்ணும் ஒட்டாமல் தனித்தனி அடுக்காக நிற்கும். வேர் அந்த எல்லையைத் தாண்டாது. குளத்து வண்டலை நான் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் கோரைக் கிழங்கு கலந்து வரும் என்பது இன்னொன்று.

ஓர வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தையும் கவனியுங்கள். பாசன வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் நீர் உங்கள் பக்கம் திரும்பி வரும். வடிகாலில்தான் சேர்க்க வேண்டும். பெருமழையில் வடிகாலே கரை தட்டி ஓடும்போது மைதானமும் வடியாது. அந்த நாட்களுக்குப் பரிகாரம் எதுவுமில்லை. கதவைப் பூட்டி வைப்பதே வழி.

மூன்றாவதாகத்தான் புல். கோல் முன்பகுதிகளில், மண் சற்றே ஈரப்பதமாக இருக்கும் மாசியில், கடப்பாரையால் ஒரு சாண் இடைவெளியில் 15 செ.மீ. ஆழத் துளைகள் இட்டு, கழுவிய மணலைத் துளைகளில் நிரப்புங்கள். களிமண்ணோடு மணலைக் கலக்காதீர்கள். களியின் குணம் மாற வேண்டுமென்றால் கலவையில் பெரும்பகுதி மணலாகவே இருக்க வேண்டும், அதற்கு உங்களிடம் பணமில்லை. துளைக்குள் நிற்கும் மணலோ, தான் நிற்கும் இடத்தில் நீருக்கும் வேருக்கும் வழியாக நிற்கும். செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 7,000 சதுர மீட்டர் முழுவதும் 5 மி.மீ. கனத்துக்கு மணல் பரப்ப 35 கன மீட்டர், அதாவது பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஆற்று மணல் விற்கும் விலையில் அது நடவாது. கோல் முன்பகுதிகள் இரண்டும் சேர்ந்து 360 சதுர மீட்டர் என்றால், அதே கனத்துக்கு ஒரு யூனிட்கூடத் தேவைப்படாது. எம்-சாண்ட் வாங்கினால் தூள் போகக் கழுவியதாக இருக்கட்டும். கடல் மணல் கூடாது.

புல்லுக்கு விதை வாங்க வேண்டாம். மைதானத்தின் ஓரத்திலேயே மிதிபடாமல் தழைத்திருக்கும் அருகை எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கணுக்கள் இருக்குமாறு நறுக்கி, 15 செ.மீ. இடைவெளியில் நட்டு, கணுக்களில் ஒன்றாவது மண்ணுக்குள் இருக்கும்படி மிதித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் நீர் வேண்டும். பங்குனிக் கடைசியில் நட்டால் கோடை விடுமுறை முழுதும் அதற்கு ஓய்வு கிடைக்கும். வெயிலை விரும்பும் புல் என்பதால் நீர் மட்டும் இருந்தால் சித்திரையில் அது ஓடிப் படர்வதைப் போல வேறெந்த மாதத்திலும் படராது. வரப்பிலிருந்து எடுப்பதானால், துண்டோடு கோரை வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடியிலுள்ள கெட்டி அடுக்கை உடைக்க உளிக் கலப்பை உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மைதானத்தை முழுவதுமாகப் புதுப்பிக்கும் ஆண்டில், அதுவும் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மட்டுமே அதை ஓட்ட வேண்டும். ஈரமண்ணில் ஓட்டினால் அடுக்கு உடையாது, கீறல் மட்டுமே விழும்.

கேள்வி: எங்கள் மன்றத்தின் மைதானத்தில் கால்பந்து, கிரிக்கெட், காலை நடைப்பயிற்சி, கோடைப் பயிற்சி முகாம் எல்லாம் நடக்கின்றன. உறுப்பினர் சந்தா தவிர வருமானம் இல்லை. கிடைக்கும் சில ஆயிரங்களை எதில் முதலில் செலவிடுவது?
– இளைஞர் விளையாட்டு மன்றச் செயலாளர், கும்பகோணம்

பதில்: செலவிடுவதற்கு முன் மிதியைப் பங்கிடுங்கள். மைதானம் முழுவதும் ஒரே அளவில் தேய்வதில்லை. பத்தில் ஒரு பங்கு இடம்தான் பெரும்பாலான அடியை வாங்குகிறது. நட்டு வைத்த கோல் கம்பத்துக்குப் பதிலாகத் தூக்கி நகர்த்தும் கம்பம் செய்துகொண்டால், பயிற்சி நாட்களில் ஆட்டத்தைக் குறுக்குவாட்டில் வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை எல்லைக் கோடுகளையே நான்கைந்து மீட்டர் தள்ளிப் போடலாம். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் குழாயில் செய்யும் அந்தக் கம்பத்துக்குத்தான் உங்கள் முதல் பணத்தை ஒதுக்கச் சொல்வேன். நடைப்பயிற்சியாளர்களுக்கு எல்லைக்கு வெளியே ஒரு மண்பாதை ஒதுக்குங்கள். உடற்பயிற்சியும் வரிசைப் பயிற்சியும் புல்லில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது வெட்டுதல். 3 முதல் 4 செ.மீ. உயரத்தில், ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமல், வளரும் பருவத்தில் வாரந்தோறும் வெட்டினால் அருகு மேலே நீளாமல் பக்கவாட்டில் பின்னிக்கொள்ளும். ஒரு மாதம் விட்டுவிட்டுப் போட்டிக்கு முந்தின நாள் ஒட்ட வெட்டுவது இங்கே பல மன்றங்களில் வழக்கம். அது புல்லின் இலையை முழுதும் பறித்துவிட்டு வேரைத் தேய்ப்பதற்குச் சமம். இயந்திரம் வாங்க இயலாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். கத்தியை மட்டும் சாணை பிடித்து வையுங்கள். வெட்டிய துணுக்குகள் சிறியவையாக இருந்தால் அள்ள வேண்டாம். அதிலுள்ள தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும்.

உரச் செலவை அஞ்ச வேண்டாம். சதுர மீட்டருக்குப் பத்து கிராம் யூரியா என்றால் 7,000 சதுர மீட்டருக்கு 70 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஒன்றரைக்குச் சற்றுக் கூடுதல். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து என்பதால் ஒரு வேளைக்கு இது போதும். தை முடிவில் ஒரு முறையும் ஆனி, ஆடியில் ஒரு முறையும், காய்ந்த இலைமேல் தூவி உடனே நீர் பாய்ச்சுங்கள். ஐப்பசியில் இடாதீர்கள், நீர் நிற்கும் மண்ணில் தழைச்சத்தின் ஒரு பகுதி வாயுவாகிக் காற்றில் போகும், மற்றொரு பகுதி வடிகாலுக்குப் போகும். புரட்டாசியில் கொஞ்சம் பொட்டாஷ் கொடுத்தால் மழைக்காலத்தைத் தாங்கும்.

பெரிய ரோலர் வாங்க ஒருவர் நன்கொடை தர முன்வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிரிக்கெட் பிட்சுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளத்தைச் சரிசெய்ய மைதானம் முழுவதும் அதை உருட்டினால், துளையிட்டுச் சம்பாதித்த காற்றிடத்தை ஒரே நாளில் இழப்பீர்கள்.

கேள்வி: எங்களுடையது செம்மண் மைதானம். மழை பெய்து ஒரு மணி நேரத்தில் ஆடலாம். ஆனால் கோடையில் புல் கருகிவிடுகிறது. தண்ணீர் லாரி வைத்தும் கட்டுப்படியாகவில்லை.
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: காவிரியின் பழைய டெல்டாக்காரர்கள் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நீர் கணக்கு இதுதான்: வாரத்துக்கு 25 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 25 லிட்டர். 7,000 சதுர மீட்டருக்கு 1,75,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பதினைந்து நடை ஆகும். யாராலும் முடியாது. அருகு நீரின்றிப் பழுப்பேறினாலும் தரையடித் தண்டில் உயிரை வைத்துக்கொண்டு முதல் மழையில் துளிர்க்கும். ஆகவே பழுப்பேறுவதை விட்டுவிடுங்கள். கோல் முன்பகுதிக்கும் நடுவட்டத்துக்கும் மட்டும், நாள்தோறும் தெளிக்காமல் வாரம் இருமுறை ஆழ நனையும்படி, மாலையில் அல்லது விடியற்காலையில் பாய்ச்சுங்கள். பழுப்பேறிய புல்லுக்கு உரம் கூடாது. நன்கு மக்கிய தொழுவுரத்தைச் சலித்து ஆடியில் மெல்லிய படலமாகத் தூவி வந்தால், சில ஆண்டுகளில் செம்மண்ணின் நீர் பிடிக்கும் திறன் உயரும்.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. பாய்ச்சப் பாய்ச்சப் புல்லின் நுனி கருகுகிறது.
– வேதாரண்யம் வாசகர்

பதில்: உவர்ப்பைத் தாங்கும் புற்களில் அருகும் ஒன்றுதான், அதுவே கருகுகிறது என்றால் உப்பு மிகுந்திருக்கிறது. சிறிது சிறிதாகத் தெளிப்பதால் நீர் ஆவியாகி உப்பு மேலே தங்கிவிடுகிறது. இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே உப்பை இறக்கும் அளவுக்கு நிறையப் பாய்ச்சுங்கள். மழைநீரை வெளியே விடாமல் மைதானத்திலேயே ஊறி இறங்கவிடுங்கள். ஜிப்சம் இடுவது சோடியம் மிகுந்த மண்ணுக்கு மட்டுமே பயன்படும். எனவே மண்ணையும் நீரையும் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கல் என்ற ஊரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள். கடற்கரைகளில் வளரும் பாஸ்பாலம் என்ற புல் இன்னும் அதிக உப்பைத் தாங்கும். ஆனால் அதன் நடவுத் தண்டுக்குப் பணம் வேண்டும்.

கேள்வி: கோரையைப் பிடுங்கிப் பிடுங்கிச் சலித்துவிட்டோம். மருந்தடிக்கலாமா?
– திருவாரூர் வாசகி

பதில்: மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே தங்கி மறுபடி முளைக்கும். எல்லாப் பச்சையையும் கொல்லும் மருந்தை அடித்தால் அருகும் சாகும். அந்த வெற்றிடத்தில் முதலில் வருவது கோரைதான். குழந்தைகள் வெறுங்காலில் ஆடும் இடம் என்பதையும் நினைக்க வேண்டும். நீர் தேங்கும் மூலையை வடியவிட்டு, வாரந்தோறும் வெட்டி, அருகுக்கு உரம் கொடுத்து அடர்த்தியாக்குங்கள். முற்றிலும் ஒழியாது, ஆட்டத்துக்கு இடையூறு இல்லாத அளவுக்கு அடங்கும்.

கேள்வி: ஊர் ஆடுமாடுகளை மைதானத்தில் மேயவிடாமல் தடுக்க முடியவில்லை.
– திருவையாறு வாசகர்

பதில்: காய்ந்த மண்ணில் ஆடு மேய்ந்தால் பெரிய தீங்கில்லை, ஓரளவு வெட்டும் செலவு மிச்சம். மழைக்காலத்தில் மாட்டின் குளம்பு பதிக்கும் குழிகள்தான் கணுக்காலைச் சுளுக்கவைப்பவை. ஊரோடு சண்டை பிடிக்காமல், ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும் மாடு கூடாது என்று கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: திருவிழாவுக்கும் கூட்டங்களுக்கும் மைதானத்தில் பந்தல் போடுகிறார்கள். மறுக்க இயலாத நிலை.
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: மறுக்க இயலாவிட்டால் நிபந்தனை வையுங்கள். பந்தல் ஆட்டப் பரப்புக்கு வெளியே, அல்லது கோல் முன்பகுதியைத் தவிர்த்து ஒரு மூலையில் இருக்கட்டும். சாமான் லாரி புல்லில் ஏறக் கூடாது. ஏறத்தான் வேண்டுமென்றால் ஒரே தடத்தில் பலகை போட்டு ஏறட்டும். தரைவிரிப்பை மூன்று நாளுக்கு மேல் விட்டுவைத்தால் அடியிலுள்ள புல் வெளுத்துவிடும். முடிந்த அன்றே சுருட்டச் சொல்லுங்கள். கம்பக் குழிகளை அதே மண்ணைக் கொண்டு கெட்டித்து மூடுவது பந்தல்காரர் பொறுப்பு என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆணிகளைக் காந்தக் கட்டை இழுத்துப் பொறுக்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.